திறந்த மூல முறைமைகளும் சாதாரண பாவனையாளரும்: ஒரு விமர்சன நோக்கு

1

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை நமது பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்கின்றன. தமிழகத்தார் ‘இயங்குதளம்’ என்பர். எப்பெயரால் வழங்கினும், கணினியின் நினைவகம், வட்டு, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கும் அவற்றைக் கையாளும் மனிதருக்கும் இடைநின்று பணிபுரிவது அதுவே. அதன் மூலநிரலை எவரும் வாசிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை அளிக்கப்பட்டிருப்பின் அதனைத் திறந்த மூல முறைமை என்பர். லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட டெபியன், உபுண்டு, பெடோரா முதலியன இவ்வகையைச் சார்ந்தன. அவ்வுரிமை முழுவதையும் நிறுவனமொன்று தன்னிடமே வைத்திருப்பின் அது தனியுடைமை முறைமையாகும். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் இதற்குத் தக்க உதாரணம்.

திறந்த மூல முறைமைகள் சாதாரண பாவனையாளருக்குப் பொருந்துமா என்னும் வினா ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகின்றது. விடை கூறுவோர் பெரும்பாலும் இரு அணியினர். ‘பொருந்தும், மக்கள் முயன்று பார்க்கவில்லை’ என்பர் ஓர் அணியினர். ‘பொருந்தாது, அது வல்லுநருக்கே உரியது’ என்பர் மற்றையோர். இவ்விரு விடைகளும் ஒரே எடுகோளிலிருந்து பிறப்பவை. பொருத்தம் என்பது முறைமையின் உள்ளே உறைந்து கிடக்கும் ஒரு குணம் என்பதே அவ்வெடுகோள். அது தவறானது என்பதும், பொருத்தம் என்பது முறைமைக்கும் அதனைச் சூழ்ந்துள்ள சமூக நிறுவனங்களுக்கும் இடையிலான உறவினால் உண்டாக்கப்படுவது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

முதலில், ஆதரவாளர் தரப்பை நோக்குவோம். 1983ஆம் ஆண்டு றிச்சாட் ஸ்ரோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். யுனிக்ஸ் முறைமையை ஒத்ததும், எவரும் சுதந்திரமாகப் பயன்படுத்தத் தக்கதுமான முழுமையான முறைமையொன்றை ஆக்குவது அவரது நோக்கமாக இருந்தது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் ரோவால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தமையாலேயே இன்று நாம் காணும் முறைமைகள் தோன்றின. ‘திறந்த மூலம்’ என்னும் தொடரோ 1998ஆம் ஆண்டிலேதான் வழக்குக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆக்கியவரும் பயன்படுத்தியவரும் தொடக்கத்தில் ஒருவரே. தமக்குத் தேவையானதைத் தாமே செய்து, குறை கண்டவிடத்துத் தாமே திருத்திக்கொள்ளும் ஒரு குழுவினரின் படைப்பு அது. மூலநிரலை வாசிக்கும் உரிமை அவர்களுக்கு அன்றாடம் பயன்பட்ட உரிமை. ஆயின் கடிதம் தட்டச்சு செய்யும் எழுதுவினைஞருக்கோ, ஒப்படை தயாரிக்கும் மாணவிக்கோ, கணக்கெழுதும் சிறு கடைக்காரருக்கோ அவ்வுரிமை நேரடியாகப் பயன்படுவதில்லை. அவர்களுக்குத் தேவையானவை வேறு: அச்சுப்பொறி இயங்க வேண்டும், கோப்பு பிறரது கணினியிலும் அதே தோற்றத்துடன் திறக்கப்பட வேண்டும், பழுது நேர்ந்தால் அண்மையில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

ஆதரவாளரின் எழுத்துக்களில் இத்தேவைகள் சிறியனவாகவே கருதப்படுகின்றன. சாதன இயக்கி கிடைக்காவிட்டால் அது வன்பொருள் உற்பத்தியாளரின் குற்றம் என்பர். உண்மைதான். ஆயினும் அச்சுப்பொறி அச்சிடவில்லை என்னும் நிலை அதனால் மாறுவதில்லை. எந்த வழங்கலைத் தெரிவது எனக் கேட்டால் பத்துப் பெயர்களைச் சொல்லி, விருப்பம் போல் தெரிவு செய்க என்பர். தெரிவுகள் பெருகுவது அறிந்தவனுக்குச் செல்வம், அறியாதவனுக்குச் சுமை. சுதந்திரம் என்னும் உயர்ந்த கோட்பாட்டை முன்வைப்போர், அச்சுதந்திரத்தின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்னும் வினாவைப் பாவனையாளரின் தோளிலேயே சுமத்திவிடுகின்றனர். இது அவர்தம் நோக்கின் அடிப்படைக் குறைபாடாகும்.

3

எதிர்ப்பாளரின் வாதமும் இதற்குக் குறைந்த குறையுடையதன்று. விண்டோஸ் இயல்பாகவே எளிமையானது என்றும், மற்றவை இயல்பாகவே கடினமானவை என்றும் அவர்கள் கருதுகின்றனர். இங்கு பழக்கம் என்பது இயல்பு எனக் கொள்ளப்படுகின்றது. கடையில் வாங்கும்போதே ஒரு முறைமை நிறுவப்பட்டிருக்கின்றது. பாடசாலையில் அதுவே கற்பிக்கப்படுகின்றது. அலுவலகத்தில் அதுவே உள்ளது. பழுதுபார்ப்பவர் அறிந்ததும் அதுவே. இத்தனை ஊன்றுகோல்களின் துணையோடு நிற்பதைத் தன் காலில் நிற்பதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

2012ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அவ்வாண்டு வெளிவந்த விண்டோஸ் 8, பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடப்புற மூலையில் இருந்துவந்த தொடக்கப் பொத்தானை அகற்றி, முற்றிலும் புதிய முகப்பொன்றைப் புகுத்தியது. கணினியை எவ்வாறு நிறுத்துவது என்பதைக்கூடப் பலர் தேட வேண்டியதாயிற்று. எதிர்ப்பு மிகுந்தமையால் 2013இல் பொத்தானும், 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இல் பழைய பட்டியலும் மீண்டன. பழகிய முறைமை என்பது பாவனையாளரின் உடைமையன்று. உரிமையாளர் விரும்பும்போது மாற்றக்கூடிய ஒன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஆயினும் எவரும் அப்போது ‘விண்டோஸ் சாதாரண மக்களுக்குப் பொருந்தாது’ என்ற முடிவுக்கு வரவில்லை. சூழவிருந்த ஊன்றுகோல்கள் அப்படியே இருந்தமையே அதற்குக் காரணம்.

4

இவ்வாதங்களை நடைமுறையில் வைத்துச் சோதிப்பதற்கு ஜேர்மனியின் மியூனிக் நகரசபையின் அனுபவம் சாலப் பொருத்தமானது. இரு அணியினரும் அதனைத் தத்தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவதனால் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

நகரசபையின் கணினிகளில் இருந்த விண்டோஸ் என்ரி 4 முறைமைக்கான ஆதரவு முடிவுறவிருந்த நிலையில், 2003ஆம் ஆண்டு மே மாதம், லினக்ஸுக்கு மாறுவதெனச் சபை தீர்மானித்தது. இதனைத் தடுக்கும் பொருட்டு மைக்ரோசொப்றின் அன்றைய தலைமை அதிகாரி ஸ்ரீவ் பால்மர் நேரில் சென்று நகர முதல்வர் கிறிஸ்ரியன் ஊடேயைச் சந்தித்தார். தீர்மானம் மாறவில்லை. லிமுக்ஸ் எனப் பெயரிடப்பட்ட அத்திட்டம் முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டது. 2013இல் பணி நிறைவுற்றபோது ஏறத்தாழ 15,000 கணினிகளில் மிகப் பெரும்பாலானவை மாற்றப்பட்டிருந்தன. 10 மில்லியன் யூரோவுக்கு மேல் மீதமாயிற்று என்றது நகரசபை. மைக்ரோசொப்றின் சார்பில் செய்யப்பட்ட ஆய்வொன்று அதனை மறுத்தது.

இப்பணிக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டமைக்குக் காரணம் ஊழியர்கள் புதிய திரையைக் கற்க இயலாமற் போனமையன்று. ஒவ்வொரு திணைக்களமும் தனக்கெனத் தனிக் கணினிப் பிரிவை வைத்திருந்தது. அவை பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மாதிரிப்படிவங்களும் மாக்ரோக்களும் ஒன்றுக்கொன்று இயைபற்றுக் கிடந்தன. இன்ன திணைக்களத்தில் இன்ன படிவம் இருக்கின்றது என்பதற்கே ஒழுங்கான பதிவு இருக்கவில்லை. அவற்றை ஒருமுகப்படுத்துவதற்கு வொல்முக்ஸ் என்னும் தனி மென்பொருளையே நகரசபை ஆக்க நேர்ந்தது.

2014இல் பதவியேற்ற புதிய நகர முதல்வர் டீற்றர் றைற்றர் இத்திட்டத்தைக் குறைகூறினார். 2016இல் அக்சென்சர் நிறுவனம் முதலியோர் அளித்த ஆய்வறிக்கை வெளிவந்தது. அவ்வறிக்கை சுட்டிய பெருங்குறைகள் முறைமையைப் பற்றியனவாக இருந்ததிலும் பார்க்க நகரசபையின் கணினி நிருவாக அமைப்பைப் பற்றியனவாகவே இருந்தன. எனினும் 2017ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதெனச் சபை வாக்களித்தது. 2020இல் பதவிக்கு வந்த கூட்டணியோ, பொதுப் பணத்தில் ஆக்கப்படும் மென்பொருள் திறந்த மூலமாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையைத் தன் உடன்படிக்கையிற் சேர்த்துக்கொண்டது.

இவ்வரலாற்றை லினக்ஸின் தோல்வி என்போரும் சதியின் விளைவு என்போரும் உளர். இரண்டும் மேலோட்டமான முடிவுகள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஊழியர்கள் பல ஆண்டுகளாக அம்முறைமையிலேயே தம் கடமைகளைச் செய்தனர்; ஆகவே ‘பொருந்தாது’ என்பது பொய்யாகின்றது. நிருவாக அமைப்புச் சீர்கெட்டிருந்தவிடத்து நேர்ந்த ஒவ்வோர் இடரும் முறைமையின் மீதே ஏற்றப்பட்டது. ஆகவே முறைமையின் தரம் மாத்திரம் போதுமானது என்பதும் பொய்யாகின்றது.

5

மியூனிக்கிற்கு மாறான உதாரணம் கேரளம். அம்மாநிலத்தில் பாடசாலைகளுக்கான தகவல் தொழினுட்பத் திட்டம் 2001இல் தொடங்கப்பெற்றது. ஆசிரியர் அமைப்பினரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் வற்புறுத்தியதன் பேறாக அது படிப்படியாக லினக்ஸுக்கு மாறியது. இன்று கைற் எனப்படும் அரச நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தனக்கென ஒரு வழங்கலை வெளியிடுகின்றது. 2019இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளுக்கு அது வழங்கப்பட்டபோது, 3,000 கோடி இந்திய ரூபா உரிமச் செலவு தவிர்க்கப்பட்டதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது.

கேரளச் சிறார்கள் பிறவியிலேயே கணினி வல்லுநர்கள் அல்லர். அங்கு ஆசிரியர் பயிற்றப்பட்டனர். பாடநூல் அம்முறைமையை நோக்கி எழுதப்பட்டது. பொதுத் தேர்வும் அதிலேயே நடைபெற்றது. பழுது நேர்ந்தால் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருந்தது. விண்டோஸுக்குச் சந்தை கொடுத்த ஊன்றுகோல்களை இங்கு அரசும் ஆசிரியரும் கொடுத்தனர்.

பிரான்சின் ஜொந்தாமெரிக் காவற்படை பின்பற்றிய ஒழுங்கும் கவனத்துக்குரியது. 2005இல் அது அலுவலக மென்பொருளை மாத்திரம் மாற்றியது. அதனைத் தொடர்ந்து இணைய உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றியது. அவை ஊழியருக்குப் பழகிய பின்னரே, 2008இல், 70,000 கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. பாவனையாளர் அன்றாடம் தொடர்புகொள்வது மேலேயுள்ள செயலிகளோடுதான். அடியிலுள்ள முறைமையோடு அன்று. மேலுள்ளவை பழகிவிட்டால் அடித்தளம் மாறுவது பெரிதாகத் தோன்றுவதில்லை.

6

இவ்விடத்தே இன்னொரு செய்தியையும் ஆராய்தல் அவசியம். 2008ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் கரு லினக்ஸே. உலகில் கோடிக்கணக்கானோர், லினக்ஸ் என்னும் பெயரையே கேள்விப்படாதோர், அதனைத் தம் கையில் வைத்துப் பயன்படுத்துகின்றனர். ஆதரவாளர் இதனைப் பெருவெற்றியாகக் கொண்டாடுவதுண்டு.

கொண்டாடுவதற்கு முன் ஒரு கணம் சிந்திக்க வேண்டும். அண்ட்ரொயிட்டின் அடித்தளம் திறந்ததாயினும், கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான தொலைபேசிகளில் அதன்மேல் ஏற்றப்பட்டுள்ள கூகிள் சேவைகள் மூடியவை. புதுப்பிப்பை எப்போது நிறுத்துவது என்பதை உற்பத்தியாளர் தீர்மானிக்கின்றார். அதனை மீறி வேறொரு முறைமையை நிறுவுதல் சாதாரண பாவனையாளருக்கு எளிதன்று. அஃதாவது, எவ்வுரிமைகளின் பொருட்டு மூலநிரல் திறக்கப்பட்டதோ அவ்வுரிமைகள் பாவனையாளரை வந்தடையவில்லை. எளிமை மட்டுமே வந்தடைந்தது. ஆகவே ‘பொருந்துமா’ என்னும் வினாவோடு ‘யாருடைய பொறுப்பில், யாருடைய நிபந்தனைகளில் பொருந்துகின்றது’ என்னும் வினாவையும் நாம் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.

7

நமது சூழலுக்கு இவ்வினாவைப் பொருத்திப் பார்க்கும்போது சில சிறப்பான சிக்கல்கள் புலனாகின்றன.

முதலாவது, விலை பற்றியது. விலையின்மையே திறந்த மூலத்தின் பெருங்கவர்ச்சி என மேலைநாட்டார் கருதுவர். இங்கோ உரிமம் பெறாத பிரதிகளை நிறுவிக் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்துவந்துள்ளது. விலை கொடாமல் விண்டோஸ் கிடைக்குமிடத்து, விலையில்லாத இன்னொன்றுக்கு மாறத் தூண்டுதல் எங்கிருந்து வரும்? களவுப் பிரதி தனியுடைமை நிறுவனத்துக்கு நட்டமென்பது ஒருபுறம் உண்மை. அந்நிறுவனத்தின் முறைமையையே ஒரு தலைமுறையினரின் பழக்கமாக்கிக் கொடுத்ததும் அப்பிரதியேயாகும்.

இரண்டாவது, தமிழ் எழுத்துப் பற்றியது. ஈழத்துத் தமிழ் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாமினி எழுத்துரு பெற்றிருந்த ஆட்சியை யாவரும் அறிவர். ஒருங்குறியைச் சாராத அவ்வெழுத்துருவில் அமைந்த கோப்பு, எழுத்துரு இல்லாதவிடத்து வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அத்தோடு, அச்சகங்கள் நெடுங்காலம் சார்ந்திருந்த பேஜ்மேக்கர் மென்பொருள் லினக்ஸுக்கென வெளியிடப்பட்டதில்லை. எனவே ஒரு மன்றச் செயலாளர் தம் கணினியில் எதனை நிறுவுவது என்பதை அவர் தனித்துத் தீர்மானிக்க இயலாது. மலரை அச்சிடுபவரும் அதனைத் தீர்மானிக்கின்றார். பாவனையாளர் எனத் தனியொருவரைக் கற்பனை செய்து பேசுவதன் போதாமை இங்கு தெளிவாகின்றது.

இதற்கு மறுபுறமும் உண்டு. இலங்கையில் நியமமாகக் கொள்ளப்பட்ட ரங்கநாதன் விசைப்பலகை அமைப்பு, லினக்ஸின் உள்ளீட்டு மென்பொருட்களில் இடம்பெற்றுள்ளது. எவரும் விலை கொடுத்தோ விண்ணப்பித்தோ பெற வேண்டியதில்லை. தமிழ் பேசுவோர் போதிய சந்தையாவரா என எந்த நிறுவனமும் கணக்கிட்டுப் பார்க்கும்வரை காத்திராமல், வேண்டுவோர் தாமே சேர்க்கக்கூடியதாக இருந்தமையே திறந்த மூலத்தின் மெய்யான பயன். கேடீஈ என்னும் திரைமுகப்பைத் தமிழாக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே தன்னார்வலர்களால் மேற்கொள்ளப்பட்டது.

ஆனால் அத்தமிழாக்கங்களைப் பயன்படுத்துவோர் எத்துணையர்? தமிழ் அறிந்தோர் பலரும் ஆங்கில முகப்பையே வைத்துக்கொள்கின்றனர். பட்டியலின் ஒரு பாதி தமிழிலும் மறுபாதி ஆங்கிலத்திலும் நிற்பது ஒரு காரணம். அதனினும் முக்கியமான காரணம், அச்சொற்களை அவர்கள் வேறெங்கும் சந்திக்காமையே. இலங்கையில் சுயமொழிக் கல்வி விரிந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அச்சொற்களிற் பல இன்றும் வாழ்கின்றன. அவை யாவும் அழகிய சொற்கள் என்பதாலன்று. அவற்றால் பாடநூல் எழுதப்பட்டது, ஆசிரியர் கற்பித்தார், மாணவர் பரீட்சை எழுதினர் என்பதாலேயாம். கணினி முகப்பின் தமிழுக்கு அத்தகைய வாழ்விடம் அமைக்கப்படவில்லை. பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ எனவும் திரை ‘இயங்குதளம்’ எனவும் கூறுமாயின், மாணவர் இரண்டையும் விடுத்து ஆங்கிலச் சொல்லையே பற்றிக்கொள்வர். மென்பொருளுக்குக் கூறிய அதே விதி மொழிக்கும் செல்லுபடியாகின்றது: நிறுவன ஆதரவற்ற சொல் நல்லதாயினும் நிலைப்பதில்லை.

ஆக்கும் ஆற்றல் நம் நாட்டில் இல்லை என்று கூறுவதற்கில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். திறந்த மூலமாக வெளியிடப்பட்டமையால் அது 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. இடர்க்காலத்தில் ஆக்க முடிந்த நாம், அமைதிக்காலத்தில் பராமரிக்கும் அமைப்புகளை உண்டாக்கவில்லை என்பதே கவலைக்குரியது.

8

இவ்விவாதம் இன்று ஏட்டளவில் நிற்பதன்று. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. 2021இல் வெளியான விண்டோஸ் 11, ரீபீஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறினையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டுவது. எனவே நன்கு இயங்கும் நிலையிலுள்ள பல கணினிகள் அதற்குத் தகுதியற்றவை ஆகிவிட்டன. பொதுமக்களுக்கு அளிக்கப்பட்ட ஓராண்டு நீட்டிப்பு, வினாவை ஒத்திவைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. 2003இல் மியூனிக் எதிர்கொண்ட வினாவை இப்போது ஒவ்வொரு வீடும் பாடசாலையும் எதிர்கொள்கின்றது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்த ஒரு நாட்டில், இறக்குமதிக் கணினி ஒன்றை வாங்குவது எளிய குடும்பத்து மாணவருக்கு என்ன பொருள்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இயங்கும் கணினியைக் கழித்துவிடுவதா, பாதுகாப்பின்றி ஓட்டுவதா, அதில் லினக்ஸை நிறுவுவதா என்பதே அவர்முன் உள்ள தெரிவு. மூன்றாவது வழி தொழினுட்ப ரீதியில் திறந்தே இருக்கின்றது. உலாவி, அலுவலக மென்பொருள், மின்னஞ்சல் ஆகியவற்றோடு தேவை முடிந்துவிடும் மாணவருக்கு அது முற்றிலும் போதுமானது. குறிப்பிட்ட கணக்கியல் மென்பொருளையோ வரைகலை மென்பொருளையோ நம்பித் தொழில் செய்பவருக்கு இன்றைய நிலையில் அது போதாது என்பதையும் மறைக்காமற் கூறிவிட வேண்டும்.

ஆனால் அம்மாணவரிடம் ஒரு நிறுவல் வட்டினைக் கொடுத்துச் சுதந்திரம் பெறுக என வாழ்த்தி விடுவது போதாது. பல்கலைக்கழகக் கணினி நிலையம் ஒரே வழங்கலைத் தெரிந்தெடுத்து அதற்குப் பொறுப்பேற்குமா? ஒப்படைகளைத் திறந்த கோப்பு வடிவில் விரிவுரையாளர் ஏற்றுக்கொள்வாரா? தமிழ்ச் சங்கம் தன் மலருக்கான கட்டுரைகளை ஒருங்குறியிலேயே கேட்குமா? முகப்பின் சொற்களும் பாடநூலின் சொற்களும் ஒன்றாகும்படி மொழித்துறையும் கணினித்துறையும் ஒரே மேசையில் அமருமா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே திறந்த மூல முறைமை சாதாரண பாவனையாளருக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கும். அவற்றுள் முதலிரண்டும் பல்கலைக்கழகத்தின் கையிலுள்ளன. மூன்றாவது இச்சங்கத்தின் கையிலேயே உள்ளது.